வலிப்பு நோய்: குளிசையோடு சேர்த்து நாம் என்ன செய்யலாம்? கிளினிக் வாங்கில் கேட்ட கேள்விகள்

என் தம்பிக்கு ஏ.எல். படிக்கும் காலத்தில் வலிப்பு தொடங்கியது. அதற்குப் பிறகு கொழும்பு தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்கு அவனோடு போய்வந்ததில், பக்கத்தில் இருந்தவர்களோடு கதைத்தே நிறையத் தெரிந்துகொண்டேன். வெள்ளவத்தை ஆசிரியை, கொட்டாஞ்சேனை அம்மா, தெமட்டகொடையில் இருந்து மகனைக் கூட்டிவந்த வாப்பா என்று எல்லோரும் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். டொக்டரிடம் கேட்க நேரம் கிடைக்காதவை, அல்லது கேட்கக் கூச்சமானவை. நான் வைத்தியர் இல்லை. எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

யோகா, தியானம், நல்ல சாப்பாடு என்று ஒழுங்காக இருந்தால் குளிசையை விட்டுவிடலாமா?

முடியாது. எல்லோரும் கேட்பது இதைத்தான் என்பதால் முதலில் வைத்தேன்.

மூளையின் நரம்புக் கலங்கள் பெருந்தொகையாக ஒரே நேரத்தில் கட்டுமீறிச் செயற்படும்போது வலிப்பு வருகிறது. கலங்கள் அப்படிச் சுலபமாகத் தூண்டப்படாமல் குளிசை பார்த்துக்கொள்கிறது. நித்திரை, வேளைக்குச் சாப்பாடு, மன அமைதி எல்லாம் அந்தக் குளிசையின் வேலையைக் கெடுக்காமல் இருப்பதற்குத்தான். சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எந்த ஆசனமும் எந்தப் பத்தியமும் இதற்குக் கிட்டவும் வரவில்லை.

"ஆறு மாதமாக ஒன்றுமே வரவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன்" என்று சொன்னவர்களை வாங்கில் பார்த்திருக்கிறேன். வராமல் இருந்ததே குளிசையால்தான். சடுதியாக நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வரும் தொடர் வலிப்பில் போய் முடியலாம். அது உயிருக்கே ஆபத்து. ஒரு சிலருக்கு மருந்தை நிறுத்த முடியும். பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பு இல்லாமல் இருந்த பிறகுதான் டொக்டர் அதைப் பற்றி யோசிப்பார். அப்போதும் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள்.

ஒழுங்காகத்தான் குடிக்கிறார். ஆனாலும் வருகிறதே, ஏன்?

"ஒழுங்காக" என்றால் என்ன என்று முதலில் வீட்டிலேயே பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினோம், குளிசைப் பெட்டி பஸ்ஸின் அடியில் போட்ட பையில். கிளினிக் நாள் போயா விடுமுறையில் வந்தது, குளிசை இரண்டு நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது. சாப்பிட்டதும் சத்தி எடுத்தார், குளிசையும் சேர்ந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. இப்படித் தவறும் ஒன்றிரண்டு வேளைகள்தான் பெரும்பாலும் ஆளை விழுத்துகின்றன.

2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அரச மருந்துக்கடையான ஒசுசலவில் இருந்து தனியார் பார்மசி வரைக்கும் அலைந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: கையில் எப்போதும் ஒரு வாரத்துக்காவது மேலதிகமாக இருக்கட்டும். கிளினிக் கொப்பியின் மருந்துப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள். வழக்கமான கம்பனிக் குளிசை இல்லை, வேறு கம்பனியுடையது இருக்கிறது என்று பார்மசியில் சொன்னால், வாங்க முன்பு கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள். பலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு அந்த மாற்றமே போதும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுக்கலாம். ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. உங்கள் மருந்துக்கு எத்தனை மணித்தியாலம் வரை பிந்தி எடுக்கலாம் என்பதை முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வேறு மருந்துகள். நோவுக்குக் கொடுக்கும் ட்ரமடோல், சலக் கடுப்புக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளொக்சசின் போன்றவை சிலரில் வலிப்பைத் தூண்டும். எந்த டொக்டரிடம் போனாலும், பல் டொக்டராக இருந்தாலும், வலிப்பு இருக்கிறது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரி, ஆனாலும் வருகிறதென்றால் பிழை நோயாளியிடம் இல்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் அடங்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வகைப்படுத்துவார்கள். அந்தக் கட்டத்தில் சத்திரசிகிச்சை பற்றியும் மற்ற வழிகள் பற்றியும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேளுங்கள். "நீங்கள்தான் கவனமில்லாமல் இருக்கிறீர்கள்" என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டே பத்து வருடம் போனவர்கள் இருக்கிறார்கள்.

மகள் ராவிராவாகப் படிக்கிறாள். காலையில் கையில் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பை தெறித்து விழுகிறது. நரம்புத் தளர்ச்சியா?

சத்துக் குளிசை வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். காலையில் எழும்பியதும் கையோ தோளோ வெட்டென்று துடிப்பது, பல் தேய்க்கும் பிரஷ் பறப்பது, கோப்பை தெறிப்பது எல்லாம் பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பின் முதல் அடையாளமாக இருக்கலாம். பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதில்லை, "கைதவறி விழுந்தது" என்று விடுவார்கள். ஒரு நாள் முழு வலிப்பு வந்த பிறகுதான் பழைய கோப்பைக் கதைகள் எல்லாம் வெளியே வரும். இந்த வகை வலிப்பு, மருந்துக்கு நன்றாக அடங்கும். ஆனால் கார்பமசெபைன் போன்ற சில மருந்துகள் இதே வகையைக் கூட்டிவிடும். ஆகவே அந்தக் காலைத் துடிப்புகளைப் பற்றி டொக்டரிடம் சொல்லாமல் விட்டால் மருந்தே மாறிப்போகலாம்.

இந்த வகைக்கு நித்திரை முழிப்பைப் போல எதிரி வேறில்லை. மற்ற வகைகளுக்கும் அது ஆகாது. மூளையின் மின்செயற்பாட்டைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை எடுக்கும்போது சில நேரம் முதல்நாள் இரவு நித்திரை கொள்ளாமல் வரச் சொல்வதே, முழிப்பு மூளையின் மின்குழப்பத்தை வெளியே கொண்டுவரும் என்பதால்தான்.

கொழும்பில் ஒரு பிள்ளை நித்திரை கொள்வது லேசான காரியமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பாடசாலை முடிய ரியூஷன், ரியூஷன் முடிய பஸ் நெரிசல், வீட்டுக்கு வந்தால் பாஸ்ட் பேப்பர், சனிக்கிழமை விடியவே அடுத்த ரியூஷன். இதில் எதை வெட்டுவது? என் அபிப்பிராயத்தில் ஒரு ரியூஷனை. இரவு பதினொன்றுக்குப் பிறகு படிக்கும் இரண்டு மணித்தியாலத்தால் கிடைப்பதைவிட, பரீட்சைக் காலத்தில் ஒரு வலிப்பு வந்தால் போகும் நாட்கள் கூட. தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்புவது, வளர்ந்தவர்களுக்கு ஏழெட்டு மணித்தியாலம், பதின்ம வயதினருக்கு இன்னும் கொஞ்சம் கூட, இதுதான் இலக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை படுத்து ஈடுகட்டுவது சரிவராது.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். கோல் சென்டரிலும் கட்டுநாயக்க பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிப்ட் மாறிமாறி வருகிறவர்கள், பகல் ஷிப்ட்டில் நிலையாக வைக்கும்படி டொக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம். சிவராத்திரிக்குக் கண்விழிப்பதை விட்டுவிடுங்கள். முதல் சாமப் பூசையைப் பார்த்துவிட்டு வந்து படுத்தால் சிவன் கோபிக்க மாட்டார்.

டென்ஷன் வந்தால் வலிப்பு வருமா, அது வெறும் பேச்சா?

வெறும் பேச்சில்லை. எது உங்களுக்குத் தூண்டுதல் என்று நோயாளிகளைக் கேட்டால் மன அழுத்தத்தைத்தான் அதிகம் பேர் சொல்கிறார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் ஹோர்மோன்கள் மூளையின் தூண்டப்படும் தன்மையை மாற்றும் என்பது ஒரு பக்கம். மறுபக்கம் இன்னும் எளிமையானது: டென்ஷன் வந்தவர் நித்திரை கொள்வதில்லை, வேளைக்குச் சாப்பிடுவதில்லை, குளிசையை மறக்கிறார், சிலர் ஒரு போத்தலைத் திறக்கிறார்கள். ஆகவே வங்கிக் கடனும் மாமியின் பேச்சும் இன்றைக்கே மாறாது என்றாலும், கெட்டுப்போகும் நித்திரையையும் தவறும் குளிசையையும் இன்றைக்கே பிடித்து நிறுத்தலாம். நான் முதலில் கை வைக்கச் சொல்வது அங்கேதான்.

தளர்வுப் பயிற்சிகளால் பலன் உண்டா? 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 66 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்தது. மற்றக் குழு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த சாதாரணக் கவனப் பயிற்சியைச் செய்தது. முதற்குழுவில் வலிப்பு நூற்றுக்கு 29 வீதம் குறைந்தது, மற்றதில் 25 வீதம். அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கி உடம்பைக் கவனிப்பதே உதவியிருக்கலாம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். யோகாவைப் பற்றிய ஆய்வுகள் மிகச் சிறியவை, அவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பிடித்தால் செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஒரு விலக்கு மட்டும்: கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமூச்சுப் பயிற்சிகள் வேண்டாம். ஈ.ஈ.ஜி. அறையில் மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வது, மறைந்திருக்கும் வலிப்பைக் கிளப்பிப் பார்க்கத்தான். அதை வீட்டில் பாயைப் போட்டு நாமே செய்வானேன்? மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடும் மூச்சு போதும்.

வீட்டாருக்கு ஒன்று. "யோசிக்காதே, யோசித்தால் வந்துவிடும்" என்று ஓயாமல் சொல்வதே ஒரு யோசனைதான். கழிவறைக்குப் போனாலும் பின்னால் நிற்பது, தனியே கடைக்கு விடாதது, வந்தவர்கள் முன் குரலைத் தாழ்த்திக் கதைப்பது எல்லாம் அந்த ஆளின் மனதில்தான் ஏறும். வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. லெவெட்டிராசெட்டம் போன்ற மருந்துகளே சிலரை எரிந்து விழ வைக்கும், அழ வைக்கும். குளிசை மாறிய பிறகு ஆளின் குணம் மாறினால் அதைத் திமிர் என்று நினைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பார்க்க வலிப்பு மாதிரியே இருந்து, மூளையின் மின்குழப்பம் இல்லாமல், உள்ளே புதைந்த மனத்தாக்கத்தால் வரும் அடிப்புகள். அது நடிப்பு இல்லை, அவர்களால் கட்டுப்படுத்தவும் முடியாது. ஆனால் அதற்கு வலிப்புக் குளிசை உதவாது. பேச்சுச் சிகிச்சைதான் உதவும்.

விரதம், நோன்பு பிடிக்கலாமா?

முதலில் குளிசை எத்தனை வேளை என்று பாருங்கள். காலை, மாலை இரண்டு வேளை என்றால் றமழானில் சஹருக்கும் இப்தாருக்கும் மாற்ற முடியுமா, நீண்டநேரம் வேலைசெய்யும் வகை இருக்கிறதா என்று மாதம் தொடங்க முன்பே டொக்டரைக் கேட்க வேண்டும். மூன்று வேளைக் குளிசை எடுப்பவர், வலிப்பு இன்னும் அடங்காதவர், கர்ப்பிணி ஆகியோர் பிடிக்காமல் இருப்பதே நல்லது. நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்துப் பிடிப்பவர்களிடமும் இதையேதான் சொல்வேன்: பால், பழம் எடுத்து, குளிசையும் எடுத்துப் பிடியுங்கள். குளிசை விழுங்கினால் விரதம் முறிந்துவிடும் என்று எந்தக் குருக்களும் எனக்குச் சொன்னதில்லை.

சாப்பாட்டில் ஏதாவது தள்ள வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. அன்னாசி, கத்தரிக்காய், கணவாய் என்று ஊரில் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். அதை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துபோக வேண்டாம். வல்லாரைச் சம்பல் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அது மருந்துக்குப் பதில் இல்லை. நாட்டு வைத்தியக் கசாயம் குடிப்பதென்றால் கிளினிக்கில் மறைக்காதீர்கள். கற்பூரத்தை எந்த வடிவிலும் வாய்க்குள் கொடுக்கக் கூடாது. வலிப்பு இல்லாத குழந்தைக்கே அது வலிப்பை உண்டாக்கும்.

சாப்பிடும்போதே வலிப்பு வரும் அபூர்வ வகை ஒன்று உண்டு. அதற்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிமல் சேனநாயக்க இங்குள்ள நோயாளிகளை வைத்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சீட்டு, டாம் விளையாடும்போது வரும் வலிப்பைப் பற்றியும் அவர் எழுதியதுண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது சோற்றுக் கோப்பையின் முன்னால்தான் வருகிறதென்றால் தற்செயல் என்று விடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கொழுப்பைக் கூட்டி மாச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ உணவு உண்மையில் வைத்திய முறைதான். ஆனால் அது மருந்துக்கு அடங்காத பிள்ளைகளுக்கு, வைத்தியரும் உணவு ஆலோசகரும் கூட இருந்து அளந்து கொடுப்பது. யூடியூபைப் பார்த்துப் பிள்ளைக்குத் தொடங்க வேண்டாம்.

ஒரு கல்யாண வீட்டில் கொஞ்சம் குடித்தால்?

குடிக்காமல் இருப்பதுதான் நல்லது. வெறியில் இருக்கும்போதைவிட, நிறையக் குடித்துவிட்டு விட்ட பிறகு, ஆறு மணித்தியாலத்துக்கும் இரண்டு நாளைக்கும் இடையில்தான் வலிப்பு அதிகம் வரும். தினமும் குடிப்பவர் திடீரென்று வீட்டில் நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியசாலை உதவியோடு நிறுத்த வேண்டும்.

போன், ரிவி, வெசாக் தோரணம்?

வெளிச்ச மினுக்கத்தால் வலிப்பு வருவது, வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேரளவுக்குத்தான். உங்களுக்கு அது உண்டா என்பது ஈ.ஈ.ஜி.யில் தெரியும். இல்லையென்றால் தோரணத்தைத் தாராளமாகப் போய்ப் பாருங்கள். உண்டென்றால், மினுக்கத்தில் அகப்பட்டதும் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு திரும்பிவிடுங்கள். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினால் இமைக்குள்ளாலும் வெளிச்சம் போகும். மற்றவர்களுக்குப் போன் செய்யும் கெடுதல் நித்திரையைத் தின்பதுதான்.

டெங்கு வந்தால்?

எந்தக் காய்ச்சலும் வலிப்பைக் கிளப்பலாம். பரசிட்டமோல் எடுக்கலாம். டெங்கு சந்தேகம் இருந்தால் அஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது. வலிப்புக் குளிசையை நிறுத்தக் கூடாது. சத்தியில் குளிசை தங்கவில்லை என்றால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வல்புரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுப்பவர் அதை வார்ட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்தும் இரத்தத் தட்டுக்களைக் குறைக்கக்கூடியது. டெங்கில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே எண்ணிக்கையைத்தான்.

கலியாணம் பேசுகிறோம். சொல்ல வேண்டுமா? பிள்ளைக்கு வருமா?

சொல்ல வேண்டும். சாதகத்தில் செவ்வாயை மறைக்காதவர்கள் இதை மட்டும் மறைத்துவிட்டு, பெண் குளிசையை ஒளித்துவைத்துக் குடித்து, ஒளிக்க இடமில்லாத நாளில் குடிக்காமல் விட்டு, விழுந்து, பிறகு எல்லாம் வெடித்த கதைகள் ஒன்றிரண்டில்லை. பெற்றோரில் ஒருவருக்கு வலிப்பு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை.

பிள்ளை பெற நினைக்கும் பெண், கர்ப்பமாக முன்பே டொக்டரைப் பார்ப்பதுதான் முக்கியம். வல்புரோயேட் எடுக்கும் தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்னடைவு வரலாம். அதனால் முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற்றப் பார்ப்பார்கள், போலிக் அசிட்டும் தொடங்குவார்கள். ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டால் பயத்தில் குளிசையை நிறுத்தாதீர்கள். வலிப்பு தாயையும் பிள்ளையையும் சேர்த்தே தாக்கும். அன்றைக்கே போய்க் காட்டுங்கள். கார்பமசெபைன், பெனிட்டோயின், பீனோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். குடும்பத் திட்டமிடலுக்குப் போகும்போது இதையும் சொல்லுங்கள்.

எதையெல்லாம் செய்யக் கூடாது?

பட்டியல் நீளமில்லை. குளியலறைக் கதவைப் பூட்டாமல் சாத்துங்கள், நிரம்பிய தொட்டிக்குள் இறங்காமல் வாளியில் குளியுங்கள். கடலில் தனியே இறங்க வேண்டாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையில் தண்டவாளத்தில் நடக்கும் பழக்கத்தையும் ரயில் மிதிபலகையில் தொங்குவதையும் இன்றோடு விடுங்கள். சமைக்கும்போது பின் அடுப்பைப் பாவியுங்கள். அடங்காத வலிப்போடு மோட்டார் சைக்கிளோ த்ரீவீலரோ ஓட்டக் கூடாது. பிழைப்பே அதுதான் என்பவருக்கு இது கொடுமையான பதில், ஆனால் பின்னால் இருப்பவரின் உயிரும் அதில் இருக்கிறது. நடை, பட்மின்டன், கிரிக்கெட் எல்லாம் நல்லது.

வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது?

நேரத்தைப் பாருங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், கழுத்துப் பட்டனைக் கழற்றுங்கள், ஆளை ஒரு பக்கமாகச் சரித்துவிடுங்கள். அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணியோ வேண்டாம். சாவிக்கொத்தும் வேண்டாம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். ஆட்கள் சாவி தேடிக் கொண்டுவரும் நேரமும் அதுதான், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்ப முன்பு மறுபடி வந்தால், தண்ணீரில் வந்தால், காயம் பட்டால், கர்ப்பிணியாக இருந்தால், அல்லது இதுவே முதல் தடவை என்றால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கிளினிக்குக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

டொக்டருக்கு உங்களோடு கிடைப்பது சில நிமிடம்தான். ஒரு சின்னக் கொப்பியில் வலிப்பு வந்த திகதி, நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, முதல்நாள் எத்தனை மணித்தியாலம் நித்திரை, குளிசை தவறியதா, காய்ச்சல் இருந்ததா, பெண்களென்றால் மாதவிடாய் எந்த நாள், மனதைப் பாதித்த விஷயம் ஏதாவது நடந்ததா என்று எழுதிக்கொண்டு போங்கள். வந்தபோது யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் அது பத்து விளக்கத்துக்குச் சமம். எடுப்பவர் முகத்தையும் இரண்டு கையையும் சேர்த்து எடுக்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்பதில் இருந்துதான் மூளையில் அது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். சிறுவர்களுக்கு லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலைக்குப் போனாலும் இதே கொப்பிதான். வரும்போது அடுத்த திகதியைப் பார்த்து, குளிசை அதுவரை காணுமா என்று அங்கேயே எண்ணிவிட்டு வாருங்கள்.